ஆசிரியரில்லாப் பறவை

விழாக்காலத்தில் நமது கல்லூரியை நாடிப் பழைய மாணவர் பலர் கடல் கடந்து வருகின்றனர். அவர்களுட் பிரித்தானியாவிற் குடியேறியோரைக் காணுந்தோறும் நாம் ஒரு வினா விடுப்பதுண்டு: “ஸ்கொக்ஹோம் என்னுந் தீவுக்குப் போனதுண்டா?” போனோமென்றவர் இன்றுவரை ஒருவருமிலர். நாமும் அத்தீவிற் கால் வைத்தோமல்லோம். படித்தறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

வேல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கோடியிலே, பெம்புரோக்சயர்க் கரைக்கப்பால் உள்ளது அத்தீவு. பரப்பு ஏறக்குறைய 240 ஏக்கர், செந்நிற மணற்பாறை, ஒரு கலங்கரை விளக்கம், சில கட்டடங்கள். 1927ஆம் ஆண்டில் அங்குக் குடியேறிய றொனால்ட் லொக்லி என்பார், 1933இல் பிரித்தானியாவின் முதலாவது பறவை நோக்ககத்தை அங்கே நிறுவினார். இன்று அஃது ஓர் இயற்கைக் காப்பிடம்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அங்குச் செல்வோர் முதலில் ஏமாற்றமே அடைவர். படங்களிற் கண்ட வண்ண அலகுப் பபின் பறவைகள் அதற்கு முன்னரே குஞ்சு பொரித்து வளர்த்துக் கடலோடு போய்விடும். பாறை விளிம்புகள் வெறிச்சோடிக் கிடக்கும். மேற்கிலிருந்து காற்றுப் பலமாக வீசும் நாளிலே பாறை மறைவில் தொலைநோக்கியுடன் பொறுமையாக அமர்ந்திருப்போருக்கு, சிறகை ஒடுக்கி அம்புபோற் கடலிற் பாயும் கனற் பறவைகளேனும் தென்படும். ஆயினும் அத்தீவின் பெருஞ்செல்வம் பகலிற் புலப்படுவதன்று. அது காலின் கீழே, மண்ணுக்குள் இருக்கின்றது.

மேலே கருமையும் கீழே வெண்மையும் உடையது மாங்ஸ் சியர்வாட்டர் என்னுங் கடற்பறவை. அலையை அறுப்பது போல நீரை ஒட்டிப் பறப்பதால் ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரிட்டனர். உலகிலுள்ள இவ்வினத்திற் பாதியளவு இத்தீவிலும் அயலிலுள்ள ஸ்கோமர்த் தீவிலுமே வளைகளில் முட்டையிடுகின்றது. கால்கள் உடலின் பின்புறத்தே அமைந்தமையால் தரையில் இதனால் நன்கு நடக்க இயலாது. பகலிற் கரையேறினாற் பெருங்கடற்காக்கைக்கு இரையாகும். ஆதலின் மாலையில் தீவுக்கு வெளியே ஆயிரக்கணக்கிற் கூடி நீரில் மிதந்திருந்து, நன்றாக இருண்ட பின்னரே ஓலமிட்டுக்கொண்டு வளைகளை நாடி வரும். நிலவு காயும் இரவிலே வருவன குறைவு. அவ்வோலத்தை முதன்முறை கேட்போர் பேயென்று அஞ்சினால் அவரைக் குறை கூறுவதற்கில்லை.

இப்பறவை தன் வளையை எங்ஙனம் அறிகின்றது? 1952ஆம் ஆண்டு சூன் மாதம், பொஸ்ரன் இசைக்குழுவிற் கிளாரினெற் வாசித்த றொசாரியோ மசேயோ என்பார் இரண்டு பறவைகளை விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். ஒன்றே உயிருடன் சென்று சேர்ந்தது. அதனைப் பொஸ்ரன் நகரிற் பறக்கவிட்டார். பன்னிரண்டரை நாளில், ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர் அத்திலாந்திக்கைக் கடந்து, அது தன் வளையிற் புகுந்தது. விடுவித்த செய்தியைத் தாங்கிய கடிதம் அதற்குப் பின்னரே வந்து சேர்ந்ததாம்! கதிரவனின் நிலையும் கடற்காற்றில் வரும் மணமும் இவ்வகைப் பறவைகளுக்கு வழிகாட்டுகின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

எனினும் நம்மை இதனினும் மிகுதியாகத் திகைக்க வைப்பது குஞ்சின் செய்தியே. ஆண்டுக்கு ஒரே முட்டை. அதனைத் தாயுந் தந்தையும் முறைவைத்து ஏழு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சு எண்ணெய்ச் சத்துள்ள உணவை உண்டு பெற்றோரினும் மிகக் கொழுக்கும். கோடை முடிவிலே பெற்றோர் உணவூட்டுவதை நிறுத்தித் தென்கடலுக்குப் புறப்பட்டுவிடும். குஞ்சு பட்டினியாய்ச் சிலநாள் வளையிற் கிடந்து, பின் இரவில் வெளிவந்து இறகடித்துப் பழகி, ஒருநாள் தனியே கடலுக்கு மேற் பறந்துவிடுகின்றது. அது செல்லவேண்டிய இடமோ பூமத்தியரேகைக்கு அப்பால், ஆர்ஜென்ரீனாக் கரையோரம். கூட வழிகாட்டியில்லை, முன்பு அவ்வழிச் சென்றதுமில்லை. கற்பித்தாலன்றி எதுவும் வாராதென்று இருபதாண்டாய் நம்பிவந்த நமக்கு இது சற்றே மனக்குறையைத் தருகின்றது!

இக்குஞ்சுகளுக்கு உள்ள இடர்கள் பல. இருண்ட மூடுபனி இரவுகளில் கரையிலுள்ள ஊர்களின் விளக்கொளியால் மயங்கித் தெருவில் விழுவனவும் உள. அவற்றை எடுத்துக் கடலில் விடும் நல்லோரும் உளர். அதனினுங் கொடியது எலி. இத்தீவில் எலி இல்லாமையே வளைவாழ் பறவைகள் தழைத்தற்குக் காரணம். அங்குச் செல்வோர் தம் பொதிகளில் எலி புகுந்துள்ளதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். நம் பழைய மாணவர் எவரேனும் அடுத்த கோடையிற் செல்வாராயின், இருட்டிய பின்னர் சிவப்பு விளக்கொன்றுடன் பாதையை விட்டு விலகாது நடப்பாராக. விலகினால் வளை இடிந்து உள்ளிருக்குங் குஞ்சு நசுங்கும். கண்டதை நமக்கு எழுதுவாராயின் பெரிதும் மகிழ்வோம்.