அல்லைப்பிட்டிப் பீங்கான்

கண்ணாடி அலுமாரியிலே பீங்கான் பதுமைகளை அடுக்கி மகிழ்வோர் நம்மிற் பலர். கையால் வண்ணந் தீட்டிய பழம் பதுமைக்கு விலை அதிகம். விரலொன்று ஒடிந்தாலோ மதிப்புக் குன்றிவிடும். ஒடிந்தும் மதிப்புக் குன்றாத பீங்கானும் உண்டு. சரவணைவாசிகள் அதனைக் காணத் தீவை விட்டுச் செல்லவேண்டியதில்லை.

வேலணைத் தீவின் கிழக்குக் கோடியிலுள்ளது அல்லைப்பிட்டி. 1977ஆம் ஆண்டளவில் ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் அங்கே ஆராய்ந்த பீங்கான் ஓடுகள், பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் தென்சீனச் சூளைகளிற் சுடப்பட்டவை. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தாரும் வந்து அகழ்ந்தனர்.

அக்காலக் கடல் வாணிகத்துக்கு, முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டுச் சான்று பகரும். பிறநாட்டார் ஊர்காவற்றுறையில் வந்து சேரவேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு; வாணிகச் சரக்காயின் சரிபாதி! பீங்கான் வணிகன் பாடு திண்டாட்டந்தான்.

பதுமையை எந்த அலுமாரிக்கு மாற்றினாலும் அது பதுமையே. அல்லைப்பிட்டி ஓடோ, கிடந்த இடத்தையும் உடன் கிடந்தவற்றையும் பிரிந்தால், எவ்வாறு வந்தது என்று ஆராய்தல் அரிதாகும். கிணறு தோண்டுகையில் அகப்பட்டால், எடுத்துக் கழுவி அடுக்காமல், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.