வேகமான மோட்டாருக்கு முன் ஒரு கணக்கு

ஆங் மோ கியோ வீவக வீட்டில் சண்டை ரோபோ செய்யும் இளையர், அதன் சுழல் ஆயுதத்துக்கு வேகமான மோட்டார் தேடுமுன் 'கேவி' எண்ணைப் பார்ப்பது நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை முறை சுழலும் என்பதே அது. 11.1 வோல்ட் மின்கலத்தில் 1,000 கேவி மோட்டார், சுமையின்றி ஏறக்குறைய 11,100 முறை சுழலும்; 2,000 கேவி என்றால் 22,200. வேகம் இருமடங்கானால், அதே ஆயுதத்தின் அடியாற்றல் நான்கு மடங்கு!

ஆனால் அதே முறுக்குவிசைக்கு இருமடங்கு மின்னோட்டம் தேவை. பழைய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கருகலாம். லித்தியம் பாலிமர் மின்கலம் தீப்பிடிக்கலாம். மோட்டாரைவிட இவ்விரண்டையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

வீட்டுக் கூடமும் புளோக்கின் கீழ்த்தளமும் சோதனைக்கு உரிய இடங்கள் அல்ல. அவ்வட்டாரத்திலுள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்போர், விரிவுரையாளரின் மேற்பார்வையில் சோதிக்க முடியுமா எனக் கேட்கலாம். எங்கானாலும் தடித்த பாலிகார்பனேட் பெட்டிக்குள்ளேயே ஆயுதம் சுழல வேண்டும். அது முழுதாக நின்று, மின்கலத்தைக் கழற்றிய பிறகே கைவைக்கலாம்.