கோதுமை ஆகாத விருந்தினர்

தஞ்சோங் பகார் அடுக்குமாடி வீடொன்றில் பிறந்தநாள் விருந்து. அழைத்த சிறுவனுக்குச் சீலியாக் நோய் எனக் கொள்வோம். கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் அவனது சிறுகுடலைப் புண்படுத்தும். நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமைமீது கொண்டிருந்த ஐயத்தை, ரொட்டியற்ற 1944–45 பஞ்சம் உறுதிப்படுத்தியது, குழந்தைகள் தேறினர்!

பெற்றோர் கலங்க வேண்டா. இட்லி, அரிசி இடியாப்பம், சோறு, பருப்பு யாவும் பொருந்தும். பாயசத்திற்குச் சேமியாவை விடுத்து ஜவ்வரிசி இடுக. பெருங்காயமே எளிதில் ஏமாற்றும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். பூண்டும் சீரகமும் தாளித்தால் போதும். வழக்கமான சோயா சாற்றிலும் கோதுமை உண்டு. பரோட்டா சுட்ட கல்லும் பூரி பொரித்த எண்ணெயும் ஆகா. “கொஞ்சந்தானே, சாப்பிடு” என்று வற்புறுத்தும் நம் உபசாரம் இங்கே தீங்காகும். கேக் இல்லையே என்பீர்களா? மெழுகுவத்தி இட்லிமேலும் நிற்கும்.