அட்டையோடு வாங்குங்கள், பில்லைக் கேளுங்கள்

மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "காய்ச்சல், உடம்பு வலி, ஒரு செட் கொடுங்க" என்று கேட்கிறோம். கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து மாத்திரைகளை வெட்டி எடுத்து, சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறார். இரண்டு நாளில் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தோ, மலம் கறுப்பாகப் போயோ ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரிடம் டாக்டர் முதலில் கேட்பது, "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" பதில்: "வெள்ளையில ஒண்ணு, ஆரஞ்சுல ஒண்ணு." மருந்தின் பெயர் தெரியாது, கம்பெனி தெரியாது, பில்லும் கிடையாது. சிகிச்சை தடுமாறுகிறது. புகார் கொடுக்கவோ கையில் எதுவுமே இல்லை.

அந்த உறையில் இருப்பது நாலு மாத்திரை என்றாலும் நாலு மருந்து மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தயாரிக்கும் கூட்டு மருந்துகள் நம் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. காய்ச்சல் மாத்திரையில் பாராசிட்டமால், சளி மாத்திரையிலும் பாராசிட்டமால், வலி மாத்திரையிலும் அதே பாராசிட்டமால். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. டைக்ளோஃபெனாக்கும் அசெக்ளோஃபெனாக்கும் ஒரே உறையில் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியலாம். சர்க்கரை நோயாளிக்குத் தெரியாமல் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு உள்ளே போனால் சர்க்கரை எகிறும்.

இரண்டு நல்ல மருந்துகள் சேர்ந்தால் ஒரு நல்ல கூட்டு மருந்து ஆகிவிடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் தனித்தனியே அருமையான மருந்துகள்; ஆனால் இரைப்பையின் அமிலத்தில் ஐசோனியசிட் பக்கத்தில் இருந்தால் ரிஃபாம்பிசின் கூடுதலாகச் சிதைகிறது. அதனால்தான் காசநோய்க் கூட்டு மாத்திரைகளில் ரிஃபாம்பிசின் சரியான அளவில் ரத்தத்தில் சேர்கிறதா என்று தனியாகச் சோதிக்கிறார்கள். 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்து, மருந்து கெடாமல் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. புதிய கூட்டு மருந்து எதுவானாலும் அதைப் 'புதிய மருந்து' என்றே 2019-ஆம் ஆண்டின் விதிகள் கருதுகின்றன. மத்திய அனுமதி இல்லாமல் தயாரித்து விற்க முடியாது.

சட்டம் அப்படி, நடப்பு வேறு. மத்திய அனுமதி இல்லாமலேயே சில மாநிலங்கள் உரிமம் கொடுத்ததை 2012-லேயே நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு டில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின் 2018-ல் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை. 2023-ல் 14, 2024-ல் 156. தடை வரும் நாள்வரை இவற்றைக் காசு கொடுத்து வாங்கி விழுங்கியது நாம்தான். சோதித்துவிட்டு விற்கச் சொல்ல வேண்டியவர்கள், விற்ற பிறகு ஆண்டுக்கணக்கில் யோசித்திருக்கிறார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஆகவே வாங்கும்போதே கவனம் வேண்டும். அட்டையோடு வாங்குங்கள். வெட்டித்தான் கொடுப்பார்கள் என்றால், மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி உள்ள பகுதியோடு கேளுங்கள். பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். செஃபிக்ஸிம் போன்ற 'எச்1' பட்டியல் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் தரவே கூடாது. சீட்டைப் பார்த்துத் தரும்போதும் நோயாளி பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சளிக்கான குளோர்பெனிரமின் – பினைலெஃப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே எச்சரித்துவிட்டார்கள். பெரிய பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலைச் சின்னதுக்கும் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

பக்க விளைவு வந்துவிட்டால், மிச்ச மாத்திரை, அட்டை, பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பிறகு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவியுங்கள். காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தகக் குறியீட்டு ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் இது. நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு; கண்காணிப்பு மையம் உள்ள மருத்துவக் கல்லூரிகளிலும் கொடுக்கலாம். அந்த மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். இந்தப் படிவத்தால் இழப்பீடு கிடைக்காது. ஆனால் தரமாகத் தயாரித்தும் கெடுதல் செய்யும் கூட்டு மருந்தைப் பிடிக்க இதுதான் வழி.

மருந்தே போலியோ, தரக்குறைவோ என்ற சந்தேகம் வேறு. அதற்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-வது பிரிவு இருக்கிறது. மருந்தை வாங்கிய எவரும் கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். விண்ணப்பம் படிவம் 14-ஏ. உங்கள் பெயர், முகவரி, தொழில், மருந்தின் பெயர், வாங்கிய கடையின் முழு முகவரி, வாங்கிய தேதி, சோதனை கேட்கும் காரணம் ஆகியவற்றை எழுத வேண்டும். கடைசியில் ஓர் உறுதிமொழி: வாங்கியபடியே இருக்கிறது, எந்த விதத்திலும் கைவைக்கவில்லை என்று. காகித உறையில் பெயரில்லாமல் கிடக்கும் மாத்திரைக்கு இந்த உறுதிமொழியை எப்படிக் கொடுப்பீர்கள்? மறுபடியும் சொல்கிறேன், அட்டையும் பில்லும் இல்லாவிட்டால் இந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

சீட்டில்லாமல் விற்ற கடை மீதான புகாரை, உங்கள் மண்டலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். "பார்க்கிறோம், போங்க" என்றால் கிளம்பிவிடாதீர்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள், அல்லது சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். இழப்பீடு கேட்க வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்; மருந்துக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. அங்கேயும் மனுவோடு இணைக்கப் பில் வேண்டும்.