கணிதப் பட்டப் படிப்பு: கணக்கு எங்கே இடறுகிறது?

புதுதில்லி: இளநிலைக் கணிதப் பட்டப் படிப்பில் எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் நடத்துவது என்பது, பேராசிரியர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கும் விஷயமாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. 2025-ஆம் ஆண்டில் அது தேசிய அளவிலான சர்ச்சையாக மாறியது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கணிதம், வேதியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் உள்ளிட்ட 9 பாடங்களுக்கான மாதிரிப் பாடத்திட்ட வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கணித வரைவில் பஞ்சாங்க அடிப்படையிலான காலக் கணிப்பு, சுல்ப சூத்திர வடிவியல், "பாரதிய பீஜகணிதம்" ஆகியவை இடம்பெற்றிருந்தன. அடுத்த மாதமே, வரைவைத் திரும்பப் பெறக் கோரி 900-க்கும் மேற்பட்ட கணித அறிஞர்களும் ஆய்வாளர்களும் யுஜிசிக்கு மனு அனுப்பினர்.

அரசியல் அரங்கில் விவாதம் பண்டைக் கணிதத்தைச் சுற்றியே நடந்தது. ஆனால் மனுவின் முக்கியக் குறைபாடு வேறு: இயற்கணிதம், மெய்யெண் பகுப்பாய்வு போன்ற அடித்தளப் பாடங்களுக்கு வரைவில் போதிய இடமில்லை என்பதே அது.

60 புள்ளிக் கணக்கு

2022 டிசம்பரில் யுஜிசி வகுத்த விதிகளின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 மதிப்புப் புள்ளிகள் (கிரெடிட்) தேவை. இவற்றில் முதன்மைப் பாடத்துக்கு உரியவை குறைந்தபட்சம் 60. எஞ்சியவை துணைப் பாடம், மொழி, திறன் மேம்பாடு, விழுமியக் கல்வி ஆகியவற்றுக்குச் செல்கின்றன. ஒரு தாளுக்கு 4 புள்ளிகள் என்று கொண்டால், மூன்றாண்டுகளில் கணிதத்துக்கு உறுதியாகக் கிடைப்பவை 15 தாள்களே. அதற்குள் ஒரு புதிய தாள் நுழைந்தால், வேறொன்று வெளியேற வேண்டும்.

கணிதத்தில் அந்த இழப்பு ஒரு தாளோடு நிற்பதில்லை. நேரியல் இயற்கணிதம் தெரியாமல் செயற்கை நுண்ணறிவின் கணிதம் புரியாது. குலம், வளையம், புலம் ஆகியவற்றைப் படிக்காமல் தகவல் பாதுகாப்புக்கான குறியாக்கவியல் விளங்காது.

பண்டைக் கணிதத்துக்கும் இது பொருந்தும். கேரளத்து மாதவர் கண்ட முடிவிலித் தொடர்களின் பெருமையை உணர, தொடர்களின் ஒருங்கல் தெரிந்திருக்க வேண்டும். கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் ஆராய்ந்த சமன்பாடுகளின் ஆழம், நவீன இயற்கணிதம் கற்றவருக்கே முழுமையாகப் புலப்படும். அடித்தளத்தைக் குறைத்துவிட்டு மரபைப் போற்ற முனைவதால் மரபுக்கும் பயனில்லை.

பாதிப்பு யாருக்கு?

சென்னை கணிதவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் கழகம் போன்றவை இயற்கணிதத்தைப் பல பருவங்களுக்குப் பிரித்துக் கற்பிக்கின்றன. தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கும் ஆசிரியர் பலம் அவற்றுக்கு உண்டு. அத்தகைய பலம் இல்லாத இடங்களில், தில்லியிலிருந்து வரும் மாதிரியே நடைமுறையாகிவிடும். ஐஐடிகளில் முதுநிலைக் கணிதம் பயில விரும்புவோருக்கான ஜாம் தேர்வு, பகுப்பாய்வையும் இயற்கணிதத்தையுமே சோதிக்கிறது. பாடத்திட்டத்தில் விடுபட்டதைத் தனிப் பயிற்சி மையத்தில் பணம் கொடுத்துக் கற்க வசதியற்ற சிறுநகர மாணவருக்கு அந்தக் கதவு மூடப்படும்.

அவசர மாற்றங்களின் விலையைத் தில்லிப் பல்கலைக்கழகம் அறியும். அங்கு 2013-இல் புகுத்தப்பட்ட நான்காண்டுப் பட்டப் படிப்பு, மறு ஆண்டே கைவிடப்பட்டது. முதல் ஆண்டை முடித்திருந்த மாணவர்கள் பாதி வழியில் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டனர். 2022-இல் நான்காண்டு முறை மீண்டும் வந்தது.

1976-இல் அரசியல் சாசனத்தின் 42-ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு சென்றது. எனினும், உயர் கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசின் பட்டியலிலேயே உள்ளது. அந்த அதிகாரத்தின் பெயரால்தான் யுஜிசி மாதிரிகளை வகுக்கிறது. எனவே, தரத்தை உயர்த்த ஏற்பட்ட ஓர் அமைப்பின் ஆவணம் தரத்தைத் தாழ்த்தும் என்று அத்துறையின் அறிஞர்களே எச்சரிக்கும்போது, அவர்களுக்குப் பதிலளிக்கும் கடமை அந்த அமைப்புக்கே உண்டு.