பழசும் ஓடும் – 9: முதுகைத் திருப்பிப் பாருங்கள்

தைப்பூசத்துக்கு வந்த ஒறம்பரைக் கூட்டத்தில் ஆறு வயசுப் பையன் ஒருவன். சென்னிமலையின் 1,320 படியும் ஏற முடியாது என்று அழிச்சாட்டியம் பண்ணியவனை வண்டிப் பாதையில் காரிலேயே மலைமேல் கூட்டிப் போனோம். மேலே நிறுத்திவிட்டு நான் இறங்கிய ரெண்டு நிமிஷத்தில் பையன் பின்சீட்டிலிருந்து முன்னால் தாவியிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி தரையில் கிடக்கிறது. "அதுவேதானுங் மாமா விழுந்துச்சு" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. மூடியைத் தாங்கும் இரண்டு காதுகளில் ஒன்று ஏற்கெனவே வெளுத்து, விரிசல் விட்டு, எப்போது விழலாம் என்று காத்துக்கொண்டிருந்தது. சித்திரையில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெட்டவெளியில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்த நாளில் 70 டிகிரியைத் தாண்டிப் போகும். பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் சங்கதிகள் சூட்டிலும் வெயிலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போகின்றன. பழைய காரின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு பிசுக்கு படியுமே, அதில் ஒரு பங்கு டேஷ்போர்டின் மேல்தோலிலிருந்து ஆவியாகிப் போன மென்மையாக்கிதான். பையன் கடைசி உதையைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

உதிரிபாகக் கடைக்குப் போனேன். "மூடி மட்டும் தனியா வராதுங்க, பெட்டியோட முழு செட்டா எடுத்துக்கோணும். அதுவும் ஆர்டர் போட்டாத்தானுங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன விலைக்கு நல்ல சென்னிமலைப் போர்வையாகப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கு ரெண்டு வாங்கிவிடலாம். உடைந்தது கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு காது.

இது என் ஒருவன் புலம்பல் அல்ல. ஒரு தனி ஆள் 2011இல் கொடுத்த புகாரை எடுத்து விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிச்சந்தைக்கு விடாமல் கையில் வைத்துக்கொண்டதற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டது. 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. டிராக்டர், செல்போன், வீட்டுச் சாமான்களோடு காரும் அதன் பட்டியலில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் என் மூடி அதுவரைக்கும் தொங்கிக்கொண்டிருக்காது.

முதலில் எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய்க்கு விற்கும் பசையை வாங்கி, காதை ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுக் காலையில் மாட்டினேன். மூடியைத் திறந்ததும் காது கையோடு வந்தது. இன்னொரு பசை வாங்கினேன். அதுவும் வந்தது. மூன்றாவதைத் தேடிக் கிளம்பும்போதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையிலிருந்து கூப்பிட்டார். நாற்பது வருஷமாகக் கைத்தறியில் உட்கார்ந்தவர். மூடியை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. போர்வையின் முதுகைப் பார்ப்பதுபோலத் திருப்பிப் பிடித்தார்.

"தம்பி, இங்க என்னமோ எழுதியிருக்குது பாருங்க."

இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே, பூதக்கண்ணாடிக்கு வேலை வைக்கும் எழுத்தில்: பிபி-டிடி20. ஆங்கில எழுத்துகள்தாம். எத்தனையோ வருஷமாக அந்தக் காரை ஓட்டுகிறேன், ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் பாகங்களில் அது எந்த வகை என்று பொறிப்பதற்குச் சர்வதேச முறை இருக்கிறது. பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். டிடி20 என்றால் அதில் நூற்றுக்கு இருபது பங்கு டால்க், அதாவது முகப்பவுடரில் போடும் அதே கல்மாவு. உங்கள் வண்டியில் ஏபிஎஸ் என்றும் இருக்கலாம், கிளிப்புகளில் பிஏ என்று நைலானும் இருக்கலாம். மருந்து வாங்கும் முன்னால் நோய் என்ன என்று கேட்பதுபோல, பசை வாங்கும் முன்னால் இந்த எழுத்தைப் பார்க்க வேண்டும். இந்த வாரத்துக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் கைவேலை.

பாலிப்ரொப்பிலீன் ஒரு பிடிவாதக்காரன். எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் பரவாமல் உருண்டு நிற்பதுபோல, அதன்மேல் சாதாரணப் பசை எதுவும் பரவிப் பிடிக்காது. ஆனால் அது உருகும், சுமார் 160 டிகிரியில். அதனால் அதை ஒட்டக் கூடாது, உருக்கித்தான் சேர்க்க வேண்டும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் என் சின்ன வயசில் எங்கள் வீதிக்கு வருவார். "குடம் ஒட்டறது, பக்கெட் ஒட்டறது" என்று சத்தம் போடுவார். கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய ஒரு இரும்புப் பட்டை, ஒரு சாக்குப் பை. பைக்குள் முழுக்க உடைந்த குடத் துண்டுகளும் பக்கெட் துண்டுகளும். குடத்துக்குக் குடத்துத் துண்டுதான் வைப்பார், பக்கெட்டுக்குப் பக்கெட் துண்டு. மாற்றி வைத்து நான் பார்த்ததே இல்லை. நிறம் சேரட்டும் என்று அப்படிச் செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரே ஜாதிப் பிளாஸ்டிக்தான் ஒன்றோடொன்று உருகிக் கலக்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் வழியிலேயே போனேன். கால் உடைந்து மொட்டைமாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண். அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான். அதிலிருந்து சேமியா கனத்தில் கீற்றுகளாக வெட்டிக்கொண்டேன். மூடியின் முதுகுப் பக்கத்தில் விரிசல் நெடுக கத்தியால் ஒரு பள்ளம் கீறினேன். விரிசல் முடியும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அது அங்கிருந்து மேலே ஓடும். காதைச் சரியான நிலையில் பிடித்து, ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருந்த 25 வாட் சால்டரிங் கோலால் நாலு இடத்தில் தொட்டு நிறுத்தினேன். பிறகு பழைய டீ வடிகட்டியின் ஸ்டீல் வலையில் ஒரு துண்டை வெட்டி, விரிசல்மேல் வைத்து, கோலால் அழுத்தி உள்ளே புதைத்தேன். கடைசியாக நாற்காலிக் கீற்றை உருக்கி வலையை மூடினேன். கோலின் நுனிச் சூடு 300 டிகிரிக்கும் மேலே இருக்கும், பிளாஸ்டிக்குக் கேட்பது அதில் பாதிதான். அதனால் ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. புகை வந்தால் உருகவில்லை, கருகுகிறது என்று அர்த்தம். கருகினது பிடிக்காது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

முன்பக்கம் உப்புத்தாளைக் கொண்டு போகவே வேண்டாம். அந்தத் தோல் போன்ற சொரசொரப்பு அச்சிலேயே வந்தது, ஒருமுறை தேய்த்தால் திரும்ப வராது. வேலை எல்லாம் முதுகில்தான்.

ஏபிஎஸ் என்றால் கதையே வேறு. ஏசி வென்ட்டின் சட்டம், கியரைச் சுற்றியிருக்கும் பேனல் பெரும்பாலும் அதுதான். அசிட்டோன் ஒரு சொட்டு விட்டால் பிசுபிசுவென்று கரையும். சந்தேகம் இருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் போட்டு மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். டால்க் கலந்த பிபியும் மூழ்கும். உடைந்த ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்தால் இட்லி மாவுப் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். அதை விரிசலில் பூசி ஒரு நாள் காயவிட்டால் அது பசை அல்ல, அதே பிளாஸ்டிக். அடுப்பங்கரையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அஞ்சு ரூபாய்ப் பசைக்கும் இங்கே மரியாதை உண்டு: உடைந்த இடத்தில் சில்லு பறந்துபோய்க் குழி இருந்தால், ஆப்பசோடாவை நிரப்பி அதன்மேல் பசையை விடுங்கள். நொடியில் கல்லாகும். கொஞ்சம் சூடும் பறக்கும், விரலை வைக்காதீர்கள்.

ஆப்பசோடாவைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தார். "நாங்க பாவு பிணைக்கறப்ப சாம்பலத் தொட்டுக்குவோமுங்க, அந்த மாதிரியா?" தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமல் இருக்கத்தான் சாம்பல். சோடா செய்வது வேறு வேலை என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் அதற்குள் மூடியைத் திருப்பி நான் போட்ட மேட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

நூல் என்றதும் ஒரு ஞாபகம். கிழக்கு ஜெர்மனியில் 1957இலிருந்து 1991வரை டிராபாண்ட் என்று ஒரு கார் செய்தார்கள். அதன் வெளித்தகடுகளுக்கு இரும்பு கிடைக்காமல், சோவியத் நாட்டுப் பருத்திக் கழிவைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தார்கள். கழிவுப் பஞ்சுக்குப் பேர் போன நம் பக்கத்தில் அந்த யோசனை யாருக்கும் வராமல் போனது ஆச்சரியம். அந்த வகை பிளாஸ்டிக் ஒருமுறை இறுகினால் எந்தச் சூட்டிலும் உருகாது, கோல் வைத்தால் கருகத்தான் செய்யும். அதற்கு எபாக்ஸிதான் வழி.

தொடவே கூடாதவையும் உண்டு. ஏர்பேக் மூடியை ஒட்டாதீர்கள், உருக்காதீர்கள். அது எங்கே கிழிய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் கட்டாயம். சீட் பெல்ட் கொக்கியும் அப்படித்தான். பிவிசி என்று எழுதியதில் சூட்டுக்கோல் வேண்டாம், அமிலப் புகை கிளம்பும்.

பேனலைக் கழற்றுவதாக இருந்தால் மார்கழிக் காலையில் கை வைக்காதீர்கள். மத்தியான வெயிலில் வண்டி சூடேறிய பிறகு, துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் நெம்புங்கள். நைலான் கிளிப்பைக் கழற்றியாயிற்று என்றால் திரும்ப மாட்டும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் வளையும், காய்ந்தால் முறியும்.

மூடியை மாட்டி ஏழு வாரம் ஆகிறது. திறந்து மூடுகிறது. முதுகு அசிங்கமாகத்தான் இருக்கிறது, நாற்காலிச் சிவப்பில் ஒரு தழும்பு. போன வாரம் அந்தப் பையன் மறுபடி வந்தான், பின்சீட்டில் உட்கார வைத்தேன்.

உங்கள் வண்டியில் உடைந்து விழுந்தது ஏதாவது இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திருப்பிப் பார்த்து, அம்புக்குறிக்கு நடுவே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு அஞ்சல் அட்டையில் எழுதி அனுப்புங்கள். எழுத்து அழிந்துபோயிருந்தால் எந்த இடத்துப் பாகம் என்று மட்டும் சொன்னால் போதும். அடுத்த வாரம் கிழிந்த சீட் உறை.

(தொடரும்)