திரைமேல் ஒரு திரை

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான எல்லையை நாள்தோறும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கடக்கிறார்கள். 2024 மார்ச் 19 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் காரில் வருவோர் கடப்பிதழை நீட்டாமல், கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டியே செல்லலாம். 2025 செப்டம்பர் 22இல் ஜொகூர் பக்கத்திலும் மலேசியாவின் மைநைஸ் செயலியின் சோதனை ஓட்டம் தொடங்கியது. குறியீட்டை உருவாக்கும் சிங்கப்பூர்ச் செயலியில் ஓர் அருமையான வசதி உண்டு: காரில் இருக்கும் 10 பேர் வரை ஒரே குறியீட்டில் அடங்கிவிடலாம். ஆனால் அது செயலியில் எங்கே இருக்கிறது என்று, ஸ்கூடாயிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பாட்டிக்கு யார் காட்டுவது? பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது கையேடு படிக்க முடியுமா?

இத்தகைய நேரத்தில் கைகொடுப்பதுதான் வழிகாட்டித் திரை. திரையில் மற்றதெல்லாம் மங்கிவிடும். ஒரே ஒரு பொத்தான் மட்டும் ஒளிவட்டத்துக்குள் தெரியும். பக்கத்தில் ‘இங்கே தொடுங்கள்’ என்று ஒரு வரி. பார்ப்பதற்கு எளிமை. உள்ளே நடப்பதோ பெரும் வியப்பு.

செயலியின் திரைமீது கறுப்புக் கண்ணாடி போல இன்னொரு தளம் விரிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு நான்காவதாகவும் ஓர் எண் உண்டு. அடியில் இருப்பதை அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதை அது சொல்லும். 70 விழுக்காடு மறைக்கச் சொன்னால், அடியிலுள்ள வெள்ளையின் 255 என்ற அளவு 76 ஆகக் குறைந்துவிடும். வட்டத்துக்குள் மட்டும் அந்த எண் சுழியம். அங்கே பொத்தான் பளிச்சென்று தெரிகிறது. 1080க்கு 2400 புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ 26 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் கைப்பேசி, ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை 17 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். இந்தக் கணக்குக்கு 1984இல் இலக்கணம் வகுத்தவர்கள் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும். லூகாஸ்ஃபிலிமில் திரைப்படக் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் பணியில் இருந்தவர்கள். ஆண்ட்ராய்டு நிரலில் இன்றும் அவ்விருவர் பெயராலேயே இந்தக் கட்டளை வழங்குகிறது.

தெரிந்தால் மட்டும் போதாது, தொடவும் முடிய வேண்டும். விரல் பட்டதும் கைப்பேசி மேல்தளத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாக, ‘இது உனக்கா?’ என்று விசாரிக்கும். வட்டத்துக்கு வெளியே பட்ட தொடுதலை மேல்தளம் தானே வாங்கிக்கொள்கிறது. உள்ளே பட்டதைக் கீழே விட்டுவிடுகிறது. அதனால் பாட்டி அழுத்துவது பொத்தானின் படத்தை அல்ல, பொத்தானையே. இதே உத்தியை ஏமாற்றுவோரும் கையாண்டார்கள்: வேறொரு செயலியின் மேல் பொய்த்திரையை விரித்து, அடியிலுள்ள ‘சம்மதம்’ பொத்தானை நம்மையே அழுத்த வைத்தார்கள். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, நம்பத் தகாத பிற செயலிகளின் திரை வழியே தொடுதல் இறங்குவதைத் தடுக்கிறது.

கற்பவர் மனமும் இங்கே கணக்கில் வருகிறது. ஒரு நேரத்தில் ஏறத்தாழ நான்கு செய்திகளைத்தான் மனம் ஏந்தும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். மக்கள் கையேட்டைப் படித்துவிட்டுத் தொடங்குவதில்லை, தொடங்கியபின்தான் கற்கிறார்கள் என்பதை ஐபிஎம்மில் ஆய்வு செய்த ஜான் கேரலும் மேரி பெத் ரோசனும் 1987இலேயே எடுத்துக்காட்டினர். ஆகவே செயலியைத் திறந்ததும் ஏழெட்டுத் திரைகளை வரிசையாக ஓட்டுவது வீண் வேலை என்றே நான் கருதுகிறேன். ‘தவிர்’ என்பதைத்தான் விரல் முதலில் தேடும். குழுவாகப் பயணம் செய்பவர் குறியீடு உருவாக்கும் பக்கத்துக்கு வரும்போது, அங்கே ஒரே ஒரு வட்டம் தோன்றினால் அது நெஞ்சில் தங்கும்.

தமிழில் இதைச் செய்யும்போது கூடுதல் கவனம் தேவை. எழுத்து நமக்குத் தடையல்ல. கைப்பேசியில் தமிழை எழுத வைத்த செல்லினத்தை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர்தான். நீளம்தான் சிக்கல். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் கட்டளை தமிழில் ‘ஸ்கேன் செய்யவும்’ என்று நீண்டு, பெட்டியை மீறி அறுந்து நிற்கும். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அப்போது பொத்தானும் இடம் மாறும். பொத்தானின் இடத்தை நிரலில் முன்கூட்டியே எழுதி வைத்தால் வட்டம் வெற்றிடத்தில் போய் விழும். திரை வரையப்பட்ட பிறகே ‘நீ எங்கே இருக்கிறாய்?’ என்று பொத்தானிடம் கேட்டு வட்டத்தைப் போட வேண்டும். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதியும் முதலில் அந்த வழிகாட்டி வரியைத்தான் வாசிக்க வேண்டும். மங்கிக் கிடக்கும் பின்புறத்தை அல்ல.

ஜொகூரில் செயலி எழுதும் தம்பி தங்கைகளே, உங்கள் வழிகாட்டித் திரையைத் தமிழிலும் எழுதுங்கள். எழுதியதும் எழுத்தளவை மிகப் பெரியதாக்கி, கூலாயிலோ மாசாயிலோ இருக்கும் உங்கள் பாட்டியின் கையில் கைப்பேசியைக் கொடுங்கள். அவர் உங்களைக் கூப்பிடாமல் குறியீட்டை எடுத்துவிட்டால் மட்டும் அதை வெளியிடுங்கள்.